பால் குடித்தால் வயிறு உப்புவது ஏன்?

லாக்டேஸ் செய்யும் வேலை

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. 100 மில்லி பசும்பாலில் இது ஏறத்தாழ 5 கிராம். குளுக்கோசும் கேலக்டோசும் பிணைந்த இந்தச் சர்க்கரையைக் குடல் அப்படியே உறிஞ்சாது. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் என்ற நொதி அதைப் பிரித்துத் தரவேண்டும். நொதி ஒரு புரதம். லாக்டோஸ் வந்து பொருந்துவதற்கேற்ற குழிவு அதில் உண்டு. பொருந்தியதும், நீர் மூலக்கூறு ஒன்றின் துணையோடு பிணைப்பு அறுபடுகிறது. இரண்டு சர்க்கரைகளும் விலகிப் போக, நொதியோ சற்றும் செலவாகாமல் அடுத்த மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது.

குறைவது இயல்பே

பால்குடிப் பருவத்தில் லாக்டேஸ் தாராளமாக உருவாகிறது. பால் மறந்த பிறகு உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது படிப்படியாகக் குறைந்துவிடும். ஆகவே இதை நோய் என்று சொல்வது சரியல்ல. வட ஐரோப்பியர் பலருக்கு மரபணு மாற்றம் ஒன்றினால் இந்த நொதி ஆயுள் முழுதும் நீடிக்கிறது. இந்தியாவில் அந்த மாற்றம் வடமேற்கில் அதிகம், தெற்கில் குறைவு.

கடும் வயிற்றுப்போக்கில் சிறுகுடலின் உட்சுவர் சேதமடைந்தாலும் லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையும்; குடல் தேறியதும் அது திரும்பிவிடும். இதைக் காரணம் காட்டிக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

பெருங்குடலில் நடப்பது

பிரிபடாத லாக்டோஸ் குடலுக்குள் நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்வதால் ஹைட்ரஜன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. பால் குடித்த சில மணி நேரத்துக்குள் வரும் உப்புசம், வயிற்று இரைச்சல், பேதி எல்லாம் இதன் விளைவுதான். இந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். அதை அளந்தே மருத்துவர்கள் இக்குறைபாட்டை உறுதி செய்கிறார்கள்.

பாலை அடியோடு விடவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரு டம்ளர் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பலருக்குத் தொந்தரவு இருக்காது. தயிர் இன்னும் நல்லது: உறையிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டோசில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன, அவற்றின் நொதி குடலிலும் செரிமானத்துக்கு உதவுகிறது. பாலைக் குறைப்பவர்கள் கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பால் புரதத்துக்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை. பால் குடித்ததும் உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மலத்தில் ரத்தமோ எடைக் குறைவோ தென்பட்டாலும் லாக்டேஸ் குறைவு என்று தாமாகவே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.