கடை வீதியின் காவலுக்கு யார் காசு கொடுப்பது?

தெருவிளக்கு எரியாவிட்டால் நகர சபையை ஏசுகிறோம். கடை உடைபட்டால் பொலிஸாரை ஏசுகிறோம். அவர்களோ ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். நமது ஊர்களில் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் கூடியபோதும் நான் கண்டது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1998இல் வந்த குற்றம், ஒழுங்கீனம் பற்றிய சட்டம், குற்றத் தடுப்பைப் பொலிஸாரின் தனி வேலையாக விடாமல் உள்ளூராட்சி மன்றத்தின் தலையிலும் ஏற்றியது. இரு தரப்பும் சேர்ந்து எங்கே என்ன குற்றம் நடக்கிறது என்று ஆராய்ந்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, மூன்று வருடத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்றது. அதன் 17ஆம் பிரிவு எனக்குப் பிடித்தமானது. மன்றம் எந்தக் காரியத்தைச் செய்தாலும் அதனால் குற்றம் கூடுமா, குறையுமா என்று பார்த்தே செய்ய வேண்டுமாம்.

வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டியது அதன் பின் வந்த வர்த்தக மேம்பாட்டு வலயங்களைத்தான். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலாவது வலயம் லண்டனின் தென்மேற்கிலுள்ள கிங்ஸ்டனில் 2005இல் ஆரம்பமானது. கடைக்காரர்கள் வாக்களித்துத் தமக்குத் தாமே மேலதிக வரி விதித்துக் கொள்கிறார்கள். பெரும்பாலும் கட்டடத்தின் மதிப்பீட்டுப் பெறுமதியில் 1 அல்லது 2 சதவீதம். அந்தப் பணத்தில் வீதிக் காவலர்கள், துப்புரவு, கடைக்குக் கடை தகவல் சொல்லும் வோக்கி டோக்கி. சில வலயங்கள் மேலதிகப் பொலிஸாருக்கும் செலவழிக்கின்றன.

"ஏற்கனவே வரி கட்டுகிறோமே, இன்னும் எதற்கு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மன்றமும் மற்ற அரச அமைப்புகளும் அங்கே ஏற்கனவே என்னென்ன சேவை செய்கின்றன என்பது வாக்கெடுப்புக்கு முன்பே திட்டத்தில் எழுத்தில் வர வேண்டும். புதிய காசைக் காட்டிப் பழைய வேலையை யாரும் கைகழுவாதிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

பெரிய முதலாளிமார் சின்னக் கடைகளை அமுக்கிவிடாதிருக்க இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாக்களித்தோரின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய மதிப்பீட்டுப் பெறுமதியிலும் பெரும்பான்மை வேண்டும். இரண்டும் தேறிவிட்டால் எதிர்த்து வாக்களித்தவரும் கட்டியாக வேண்டும். நம்மிடம் இதைச் சொன்னால் சங்கமே இரண்டாகிவிடும்! மிகச் சிறிய கடைகளுக்குப் பல வலயங்கள் விலக்கு அளிக்கின்றன.

ஆயுள் கூடியது ஐந்து வருடம். அதற்கு மேல் தொடர மறுபடியும் வாக்கெடுப்பு. தோற்றால் வரியும் நிற்கும், அந்தக் காசில் நின்ற காவலர்களும் போய்விடுவார்கள்.