மறுமொழியில்லா வகுப்பறை: பெருந்தொற்றுக் காலமும் போடிநாயக்கனூர் மலைச்சரிவு ஆசிரியர்களின் மனநலமும்

பெருந்தொற்றுக் கால ஆசிரியர் மனநலம் குறித்த ஆய்வுகளில் பணிப்பளுவும் தொழில்நுட்ப அழுத்தமும் முதன்மை பெறுகின்றன. இணைய வகுப்புகள் இடைவிடாது நடைபெற்ற நகரப் பள்ளிகளுக்கு அவ்விளக்கம் பொருந்தும். வகுப்பே கூடாத இடங்களின் ஆசிரியர்களுக்கு அது போதாது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும் அதனையொட்டிய ஏலக்காய் மலைச்சரிவுகளும் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன.

பணிச்சோர்வை அளக்கும் கருவியை 1981இல் வெளியிட்ட கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதில் மூன்று கூறுகளைக் கண்டனர். உணர்வுக் களைப்பு, பிறரிடமிருந்து மனத்தளவில் விலகுதல், 'ஏதோ செய்தோம்' என்னும் நிறைவு குன்றுதல் என்பன அவை. முதற்கூறே பெரிதும் பேசப்படுகிறது. மலைச்சரிவில் மூன்றாவதே கூர்மையானது எனலாம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. போடியிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குச் சென்றுவந்த தொழிலாளர்கள், மாநில எல்லை அடைபட்டதால் கூலியிழந்தனர். அலைபேசித் தொடர்பு சீராக இல்லாத மலையூர்களில் இணைய வகுப்பு பெயரளவினதே. வேலை மீண்டபின், வீட்டிலிருந்த ஒற்றைக் கைப்பேசியும் பெற்றோருடன் தோட்டத்துக்குச் சென்றுவிடும். கல்வித் தொலைக்காட்சி பாடத்தைக் கொண்டுசேர்த்தது. பிள்ளைக்குப் புரிந்ததா என்பதை அது ஆசிரியருக்குத் திருப்பிச் சொல்லவில்லை. கற்பித்தலோ மாணவரின் முகம் பார்த்து நடைபெறும் தொழில்.

தேர்வும் இந்நிலையை மாற்றவில்லை. 2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டு, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடும் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. 2021இலும் அனைவரும் தேர்ச்சியே. நோய்ச்சூழலில் இம்முடிவு தவிர்க்கவியலாதது. ஆயினும் ஆசிரியர் தம் உழைப்பின் பயனைக் காண எஞ்சியிருந்த ஒரு வழியும் அடைபட்டது.

அரசுப்பள்ளி ஆசிரியருக்கு ஊதியம் நின்றுவிடவில்லை. 'வீட்டிலிருந்தே சம்பளம்' என்னும் ஊர்ப்பேச்சு அவரைக் குற்றவுணர்வில் தள்ளியது. ஊதியம் குறைந்தோ நின்றோ போன தனியார் பள்ளி ஆசிரியருக்கு வாழ்வாதாரமே கவலை. இவ்விருவரையும் ஒரே வினாநிரலால் அளப்பது முறையன்று.

2021 நவம்பர் 1 அன்று தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை முதன்முறையாக வகுப்பறையில் அமர்ந்தபோது அது இரண்டாம் வகுப்பாகியிருந்தது. எழுத்தறியாத அக்குழந்தைமுன் நின்ற ஆசிரியரின் மனநிலையை, திரைமுன் கழித்த மணிநேரங்களைக் கேட்கும் வினாக்கள் தொடுவதில்லை. 'கற்பித்தது சென்றடைந்தது என்பதை எவ்வாறு அறிந்தீர்கள்?' என்ற வினாவும் அவற்றுடன் இடம்பெற வேண்டும்.