உறைந்த ஏரி சாலை ஆகுமா?

அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கும் மினசோட்டா மாநிலத்தைப் ‘பத்தாயிரம் ஏரிகளின் நிலம்’ என்பார்கள். கோடையில் அந்த ஏரிகளில் படகு ஓடும். குளிர்காலத்தில் அதே ஏரிகளின் மேல் வண்டி ஓடும். முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்புறம் சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிளைப் போன்ற இருக்கை. ஸ்னோமொபைல் என்று அழைக்கப்படும் பனி ஊர்தி அது. அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் இவ்வண்டிகளுக்கென 35,000 கிலோமீட்டருக்கும் மேல் தடங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதியைப் பராமரிப்பவர்கள் உள்ளூர்ச் சங்கங்களின் தொண்டூழியர்கள்.

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மட்டுமே கண்ட நமக்கு, பனிக்கட்டி என்றால் குளிர்பதனப் பெட்டியும் ஐஸ் கச்சாங்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஹொக்கைடோவுக்கும் பின்லாந்துக்கும் பள்ளி விடுமுறையில் செல்லும் நம்மவர்களின் பயணத் திட்டங்களில் இன்று பனி ஊர்திச் சவாரியும் இடம்பெறுகிறது. இந்தச் சவாரியில் ஆபத்து எது என்று கேட்டால் வேகம் என்போம், குளிர் என்போம். இரண்டும் உண்மைதான். அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதுதான் வண்டிக்கு அடியில் உள்ள பனிக்கட்டியின் தடிமன்.

ஒரு குழந்தையின் மரணம்

பனியில் ஓடும் வண்டி முதலில் விளையாட்டுக்காக உருவானதல்ல. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற வாகனப் பழுதுபார்ப்பாளர் வாழ்ந்தார். சிறுவயதிலிருந்தே பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று முயன்றுவந்தவர் அவர். 1934ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடுமையான தொற்று ஏற்பட்டது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது.

அதன்பின் அவர் தம் முயற்சியைத் தீவிரப்படுத்தினார். பற்சக்கரத்தால் இயங்கும் ரப்பர் பட்டைக்கு 1937ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவருடைய மூடிய வண்டிகள் மருத்துவர்களையும் தபாலையும் பனி மூடிய ஊர்களுக்குக் கொண்டுசென்றன. 1959ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் ‘ஸ்கீ-டூ’ என்ற சிறிய, எடை குறைந்த வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் காணும் பனி ஊர்திகளுக்கு அதுவே முன்னோடி. 1960களில் பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி இன மக்களிடமும் இவ்வண்டி சென்று சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர்களுடைய மேய்ச்சல் முறையையே அது மாற்றிவிட்டது.

பாதத்தைவிட மென்மை

நாம் ஆழமான வெண்பனியில் நடந்தால் முழங்கால் வரை புதைந்துவிடுவோம். ஆளோடு சேர்த்து 300 கிலோவைத் தாண்டும் பனி ஊர்தியோ மேலேயே ஓடும். காரணம் எளிது. அதன் எடை, அகலமான பட்டையிலும் சறுக்குக் கட்டைகளிலும் பரவிவிடுகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அது தரும் அழுத்தம், நம் பாதம் தரும் அழுத்தத்தைவிடக் குறைவு.

புதியவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். பனியில் புதையாத வண்டி ஏரியின் மேலும் பத்திரமாக ஓடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஏரியின் மேல் இருக்கும் பனிக்கட்டி ஒரு பலகையைப் போன்றது. எடை ஏறும்போது அது சுற்றிலும் பல மீட்டர் தூரத்துக்கு வளைந்துகொடுக்கிறது. அந்தப் பலகையைப் பொறுத்தவரை, எடை பாதத்தில் இறங்குகிறதா பட்டையில் இறங்குகிறதா என்பது பெரிய வித்தியாசமே இல்லை. மொத்த எடைதான் கணக்கு.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பல நவீன வண்டிகளின் இயந்திரத்தைக் குளிர்விப்பது, பட்டை சுழலும்போது வாரி இறைக்கும் வெண்பனிதான். மேலே பனித்தூள் இல்லாத வெறும் கண்ணாடித் தளத்தில் நெடுந்தூரம் ஓட்டினால், உறைநிலைக்குக் கீழேயும் இயந்திரம் சூடேறிவிடும். அத்தகைய தளத்தில் சறுக்குக் கட்டைகளுக்குப் பிடிமானமும் குறைவு. கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

ஏரி எப்படி உறைகிறது?

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். தண்ணீர் மட்டும் 4 டிகிரி செல்சியசில் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் எடை குறைந்து மேலே மிதக்கிறது. ஆகவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. மேலே பனிக்கட்டி, அடியில் உறையாத நீர், அதில் மீன்கள். வடநாட்டு ஏரிகளில் உயிர்கள் குளிர்காலத்தைக் கடப்பதற்கு இந்த இயல்பே காரணம்.

உறைந்த பிறகு பனிக்கட்டி ஒரே சீராகத் தடிப்பதில்லை. அடியில் உள்ள நீரின் வெப்பம், மேலே இருக்கும் பனிக்கட்டியைக் கடந்துதான் காற்றுக்குச் செல்ல வேண்டும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க அந்த வழி நீண்டுவிடுகிறது. வியன்னாவில் பணியாற்றிய இயற்பியலாளர் யோசப் ஸ்டெஃபான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே அளவு குளிர் நீடித்தால், தடிமன் இருமடங்காவதற்கு நான்கு மடங்கு காலம் தேவைப்படும்.

இதன்மேல் வெண்பனி விழுந்தால் நிலைமை இன்னும் மாறுகிறது. பார்வைக்குக் குளிர் கூடியதுபோல் தெரியும். ஆனால் புதிய வெண்பனிக்குள் காற்று நிறைந்திருப்பதால், அது பனிக்கட்டியைக் காட்டிலும் பத்து மடங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. அதாவது, ஏரிக்கு அது ஒரு கம்பளிப் போர்வை. பருவத் தொடக்கத்திலேயே பெரும்பனி பெய்த ஆண்டுகளில் பனிக்கட்டி மெல்லியதாகவே இருந்துவிடக்கூடும். போர்வையின் எடையால் பனிக்கட்டி அமிழ்ந்து, விரிசல் வழியே நீர் மேலேறி, வெண்பனிக்கு அடியில் பனிச்சேறாகத் தேங்குவதும் உண்டு. மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சமவெளி. அதற்குள் சென்ற வண்டி சிக்கி நின்றுவிடும்.

எத்தனை அங்குலம்?

மினசோட்டா மாநிலத்தின் இயற்கை வளத்துறை சொல்லும் கணக்கு இது. ஒருவர் நடந்துசெல்லக் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர், பனிக்கட்டி வேண்டும். பனி ஊர்திக்கு 5 முதல் 7 அங்குலம். சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம். இவை புதிதாக உறைந்த, தெளிவான பனிக்கட்டிக்கு மட்டுமே பொருந்தும். வெண்பனியும் நீரும் கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டியின் வலு ஏறக்குறைய பாதிதான். அங்கே தடிமனை இருமடங்காகக் கணக்கிட வேண்டும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பனிக்கட்டியின் மேல் வாகனம் ஓட்டுவோருக்கு இன்றும் அடிப்படைப் பாடம். பனிக்கட்டி தாங்கும் எடை, அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இருமடங்கானால் நான்கு மடங்கு எடையைத் தாங்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். தடிமன் பாதியாகக் குறைந்தால், தாங்கும் திறன் கால்பங்காகிவிடும்.

ஒரே ஏரியில் தடிமன் பாதியாகக் குறையும் இடங்கள் பல. ஓடை வந்து கலக்கும் இடம், ஏரி நீர் வெளியேறும் இடம், இரு கரைகளும் நெருங்கும் குறுகிய பகுதி, பாலத்தின் அடி, அடியில் ஊற்று சுரக்கும் இடம், நாணல் அடர்ந்த கரையோரம் ஆகியவற்றில் ஓட்டமோ வெப்பமோ பனிக்கட்டியை அரித்துக்கொண்டிருக்கும். நேற்று ஒருவர் சென்ற தடம் அங்கே தெளிவாகத் தெரியலாம். அது நேற்றைய பனிக்கட்டிக்கான சாட்சி மட்டுமே.

1, 10, 1

பனிக்கட்டி உடைந்து நீருக்குள் விழுந்தவர் சில நிமிடங்களில் விறைத்து இறந்துவிடுவார் என்பது பரவலான நம்பிக்கை. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இந்த நம்பிக்கையைத் திருத்துவதற்குப் பல ஆண்டுகள் உழைத்தவர். ஆய்வுக்காகத் தம் உடலையே பலமுறை உறைநீருக்கு உட்படுத்தியவர். அவர் பரப்பிய விதியை மூன்று எண்களில் சொல்லிவிடலாம்: 1, 10, 1.

முதல் 1 நிமிடம் மூச்சுக்கானது. உறைநீர் தோலைத் தொட்டதும் உடல் தன்னிச்சையாகப் பெருமூச்சு இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் நீர் போகும். தலையை மேலே வைத்து, படபடக்கும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் அந்த நிமிடத்தின் ஒரே வேலை.

அடுத்த 10 நிமிடங்கள் கைகால்களுக்கானவை. அதற்குள் விரல்களும் தசைகளும் செயலிழந்துவிடும். கரையேறும் முயற்சியை இந்த நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.

கடைசி 1, ஒரு மணி நேரம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். தலையை நீருக்கு மேலே வைத்திருக்க முடிந்தால், மீட்புக்குழு வரும் வரை உயிர் தாங்கும். ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்ற இந்த அறிவே பதற்றத்தைக் குறைத்துப் பலரைக் காப்பாற்றக்கூடியது.

வெளியேறும் முறையும் உண்டு. வந்த திசைக்கே திரும்ப வேண்டும். அங்கேதான் சற்று முன்பு வரை வண்டியைத் தாங்கிய பனிக்கட்டி இருக்கிறது. தடித்த ஆடையைக் கழற்றக்கூடாது. அதற்குள் சிக்கிய காற்று சிறிது நேரம் மிதக்க உதவும். கைகளைப் பனிக்கட்டியின் மேல் நீட்டி, கால்களை நீச்சலில் உதைப்பதுபோல் உதைத்து, உடலைக் கிடைமட்டமாக்கி மேலே சறுக்க வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும். நின்றால் எடை ஒரே இடத்தில் இறங்கி மீண்டும் உடையும். இதற்காகவே அனுபவமுள்ள ஓட்டிகள் ஆணி முனை கொண்ட இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். வழுக்கும் பனிக்கட்டியில் குத்திப் பிடித்து ஏற அவை உதவும். மிதவைத் திறன் கொண்ட பனி ஆடைகளும் கிடைக்கின்றன.

வேகமும் காற்றும்

மினசோட்டாவில் பொது நிலத்திலும் பொது ஏரிகளிலும் பனி ஊர்திக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முகப்பு விளக்கு 60 மீட்டர் வரை காட்டுவதாகக் கொண்டால், வெளிச்சத்தின் எல்லையில் தெரியும் மரத்தையோ திறந்த நீரையோ அடைய மூன்று விநாடிகூட இல்லை. மூளை உணர்ந்து கை செயல்படவே ஒன்றரை விநாடி போய்விடும். மீதி விநாடிகளில் வழுக்கும் தளத்தில் நிறுத்த முடியாது. இரவில் விளக்கின் வெளிச்சத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே பாதுகாப்பான வேகம்.

ஓடும் வண்டி தனக்கான காற்றையும் தானே உண்டாக்குகிறது. வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 36 டிகிரி போல் இருக்கும். அந்த நிலையில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் தோல் உறையத் தொடங்கலாம். மது அருந்திவிட்டு ஓட்டுவது இங்கே இருமடங்கு ஆபத்து. அது கணிக்கும் திறனைக் கெடுப்பதோடு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தையும் வெளியே விடுகிறது.

குளிர் குறைந்தால்?

கடுங்குளிரில்தான் விபத்து அதிகம் என்று நமக்குத் தோன்றும். கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மா தலைமையிலான குழு, 10 நாடுகளில் குளிர்காலத்தில் நீரில் மூழ்கி இறந்த 4,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. வெப்பநிலை மைனஸ் 5 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் மரணங்கள் வேகமாகக் கூடுகின்றன என்பது அந்த முடிவு. ஏரி உறைந்ததுபோல் தெரியும், ஆனால் தாங்காது. பருவத்தின் இறுதியில் வெயில் பட்டுப் பட்டு, பனிக்கட்டி மெழுகுவத்திகளை அடுக்கிவைத்ததுபோல் செங்குத்தான துண்டுகளாகப் பிரிந்துவிடும். தடிமன் குறையாமலேயே வலு போய்விடும்.

உலகம் சூடாவதால் இத்தகைய நாள்கள் கூடுகின்றன. ஜப்பானின் சுவா ஏரி உறைந்ததா என்பதை ஷிண்டோ குருமார்கள் 1443ஆம் ஆண்டு முதல் குறித்து வருகிறார்கள். ஒருகாலத்தில் ஏறக்குறைய ஆண்டுதோறும் உறைந்த அந்த ஏரி, இப்போது எப்போதாவதுதான் முழுமையாக உறைகிறது. ‘டிசம்பர் இறுதியில் ஏரியைக் கடக்கலாம்’ என்று தாத்தா காலத்தில் சொன்ன கணக்கு, பேரன் காலத்தில் செல்லாமல் போகலாம்.

பனிநாட்டுக்குச் செல்வோர், வண்டியில் ஏறுமுன் வழிகாட்டியிடம் சில கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம். இன்றைய பாதை ஏரியைக் கடக்கிறதா? பனிக்கட்டியின் தடிமனை எப்போது அளந்தீர்கள்? யாராவது விழுந்தால் மீட்கக் கயிறு இருக்கிறதா? நல்ல வழிகாட்டி இக்கேள்விகளைத் தொந்தரவாக நினைக்கமாட்டார். ஏரியைச் சுற்றிக்கொண்டு போவோம் என்று அவர் சொன்னால் ஏமாற்றம் அடையவும் வேண்டாம். துளையிட்டு அளந்து பார்த்தவர் சொல்லும் சொல் அது.