சுவாசக் கிருமியும் நரம்பு மண்டலமும்

2020 ஆகஸ்ட் மாதம், லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துபோனது. பக்கத்திலேயே நின்ற என் தாயாருக்கு ஒன்றும் தெரியவில்லை. "தீஞ்ச வாடை வரலையாம்மா?" என்றேன். "என்ன வாடைப்பா?" என்றார். மறுநாள் பரிசோதனையில் கொரோனா என்று தெரிந்தது. காய்ச்சல் ஐந்தே நாளில் விட்டது. வாசனை திரும்பவில்லை. போகப்போக ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார், சொன்னதையே திரும்பச் சொன்னார். "வயசாயிடுச்சு இல்ல!" என்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது. அதனால்தான் இக்கட்டுரை.

நெஞ்சுச்சளி தரும் கிருமிக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்? மூக்கின் உச்சியில் மணம் அறியும் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றைத் தாங்கிக் காக்கும் துணை அணுக்களும் உண்டு. கொரோனா கிருமி உள்ளே நுழைய 'ஏ.சி.இ. 2' என்ற புரதம் வாசற்கதவு போல உதவுகிறது. அந்தக் கதவு துணை அணுக்களில்தான் இருக்கிறது, மணநரம்பணுக்களில் இல்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020-இல் கண்டனர். தூண் சாய்ந்தால் கூரை நிற்குமா? வாசனை போவது இப்படித்தான். துணை அணுக்கள் மீண்டும் வளரக்கூடியவை. ஆகவே பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிவிடுகிறது.

மூளையின் கதை வேறு. அங்கே கிருமியே புகுந்து பெருகுவது அரிது. கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பும் அழற்சி, இரத்தம் உறைதல், பிராணவாயுக் குறைவு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் கேடு செய்கின்றன. சிலருக்குப் பக்கவாதமும், கை கால் பலமிழக்கும் கில்லன்-பாரே நோயும் வந்தன. பலருக்கு மறதியும் மந்தமும் மாதக்கணக்கில் நீடித்தன. பிரிட்டனில் 785 பேரின் மூளையை இருமுறை படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நோய் கண்டவர்களிடம், லேசாக வந்துபோனவர்கள் உட்பட, மணத்தோடு தொடர்புள்ள பகுதிகள் சராசரியில் சற்றே கூடுதலாகச் சுருங்கியிருந்தன.

இது புதுக் கதையும் அல்ல. சாதாரண ஜலதோஷம் தரும் 'ஓ.சி. 43' என்ற கொரோனா கிருமியின் தடயம் மனித மூளைத் திசுவில் இருப்பதைக் கனடா ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை மாலை நிதானமாக முகரும் பயிற்சியை ஜெர்மானிய மருத்துவர் தாமஸ் ஹம்மல் 2009-இல் விவரித்தார். அம்மாவும் அதைச் செய்தார். ஏழாம் மாதம், "கிராம்பு வாசனை வருதுடா!" என்று கூவினார்.

முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் திடீரெனத் தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். நோய்க்குப் பின் மறதி நீடித்தால் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கும் ஊரில் வாழ்கிறோம். வீட்டுப் பெரியவர்களின் மறதியை வயதின் தலையில் மட்டும் கட்டிவிட்டுச் சிரிக்காதீர்கள். நாங்கள் செய்த தவறு அதுதான்.