லாவெண்டர் கேக்கும் சோப்பு வாசனையும்

லாவெண்டர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது குளியலறைதான். யார்ட்லி பவுடர், சீமைச் சோப்பு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைக்கும் வாசனைப் பை! அதைப் போய்க் கேக்கில் போடுவதா என்று முகம் சுளிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 'கழுவுதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்றுகூடச் சொல்வார்கள்.

ஆனால் பெங்களூரில் இப்போது வளைகாப்புக்கும் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கும் லாவெண்டர் கேக் கேட்கிறார்கள். எங்கள் நீலசந்திராவும் அதற்கு விலக்கல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் தெருவுக்குத் தெரு தமிழ்ப் பேச்சுமாக இருக்கும் இந்தப் பகுதியில், வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துக் குடும்பத்துக்குக் கை கொடுக்கும் பெண்கள் உண்டு. அவர்களில் ஒருவர், எங்கள் தெருச் சகோதரி, ஒரு மாலை இரண்டு பொட்டலங்களோடு வந்தார்.

"அக்கா, ரெண்டுலயும் லாவெண்டர்னுதான் போட்டிருக்கு. இது பாதி விலை. எதைப் போடட்டும்?"

மறுநாள் வளைகாப்பு. மூன்று கிலோ கேக். சாப்பிடப் போகிறவர்கள் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் வீடு நிறையக் குழந்தைகளும். ஒருமுறை யாருக்காவது வயிற்றைப் புரட்டினால், அந்தச் சகோதரிக்குப் பிறகு யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

விலை மலிவான பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தோம். உணவுப் பொருளுக்குரிய 14 இலக்க உரிம எண் அதில் இல்லை. அறைக்கும் அலமாரிக்கும் மணம் தருவது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. இப்படி விற்கும் பூக்களில் வாசனை எண்ணெயைத் தனியாகத் தெளித்திருப்பதும் உண்டு. தின்பதற்கென்று அதைத் தயாரிக்கவில்லை. நம் வீட்டு வழக்கத்தில் சொன்னால், ஆரத்திக் கற்பூரத்தையும் பச்சைக் கற்பூரத்தையும் போல. சர்க்கரைப் பொங்கலில் கடுகளவு பச்சைக் கற்பூரம் போட்டால் பிரசாத மணம். அதற்குப் பதிலாக ஆரத்திக் கற்பூரத்தை யாராவது போடுவார்களா? அதைக் குழந்தை விழுங்கினால் வலிப்பே வரக்கூடும். சின்னச் சீசாவில் வரும் லாவெண்டர் எண்ணெயும் அப்படித்தான். அது முகர்வதற்கு உரியது. சமையலறைப் பக்கம் வரவே வேண்டாம்.

விலை உயர்ந்த பொட்டலத்தில் உரிம எண் இருந்தது. லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்று செடியின் பெயரும் இருந்தது. இந்தப் பெயரைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். லாவெண்டரில் பல வகை. பிரான்சு நாட்டுப் படங்களில் ஊதா நிறத்தில் வரி வரியாகத் தெரிகிற வயல்களில் பெரும்பாலானவை லாவண்டின் என்னும் கலப்பின வகை. அது எண்ணெய் அதிகம் தரும். சோப்புக்கும் சலவைத் தூளுக்கும் போவது அதுதான். அதில் கற்பூரக் காரம் பல மடங்கு அதிகம். அங்குஸ்டிஃபோலியாவில் அது மிகக் குறைவு. ஆகவே 'லாவெண்டர் கேக் சோப்பு மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய மனப்பிரமை அல்ல. வகை தவறியிருக்கும், அல்லது அளவு மிஞ்சியிருக்கும்.

சரி, விலை? ஒரு கேக்குக்கு வேண்டியது ஒரு தேக்கரண்டிப் பூ. உலர்ந்த பூ பஞ்சு போல லேசானது. ஒரு தேக்கரண்டி ஒரு கிராம்கூட வராது. மூன்று கிலோ கேக்குக்கும் சேர்த்து நான்கு தேக்கரண்டிக்கு மேல் செலவாகவில்லை. பாதி விலைப் பூவை வாங்கி மிச்சம் பிடிப்பது சில ரூபாய்தான். அதற்காகப் பெயரைப் பணயம் வைப்பானேன்?

இந்தச் செடி நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இதன் பங்காளிகள். ஒரே தாவரக் குடும்பம். இதன் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற பொருள். அது நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது! கொத்தமல்லி விதையை வறுக்காமல் நான்கு எடுத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள். பூ மணமும் எலுமிச்சை மணமும் கலந்து வரும். மல்லி எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்தான். இதைக் காட்டிய பிறகுதான் எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர் அந்தக் கேக்கை வாயில் வைத்தார்கள்.

இப்போது பூவும் நம் நாட்டிலேயே விளைகிறது. ஜம்முவின் தோடா மாவட்டத்தில் பதர்வா என்ற மலைப்பகுதி. மக்காச்சோளம் பயிரிட்டு வந்த விவசாயிகளுக்கு, மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிறுவனத்தார் லாவெண்டர் நாற்றுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள். 2022-ல் அங்கே லாவெண்டர் திருவிழாவே நடந்தது. பெரும்பகுதி எண்ணெய் எடுக்கப் போகிறது. உலர்ந்த பூவாகவும் விற்கிறார்கள். நம் பெங்களூர் மாடித் தொட்டியில் வளர்க்கலாமே என்பீர்கள். வளர்க்கலாம். ஆனால் இலை விளிம்பு ரம்பப் பல் போல இருந்தால் அது டென்டாட்டா என்னும் வேறு வகை. பார்க்க அழகு, வாசனையோ தைலம்! அது கேக்குக்கு ஆகாது.

பூவை மாவில் அப்படியே கொட்டுவதைத்தான் பல செய்முறைகளில் காண்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்லில் அகப்பட்டால் கசப்பு. மணத்தை மட்டும் பாகிலோ பாலிலோ இறக்கி, பூவை வடிகட்டி எறிந்துவிட வேண்டும். அதற்குப் பொருத்தமான பண்டம் நம் ஊரிலேயே இருக்கிறது: ஐயங்கார் பேக்கரி ஹனி கேக். 1898-ல் சிக்கபேட்டையில் பி.பி. பேக்கரி தொடங்கியது முதல், ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் முட்டையில்லாத கேக்கைப் பெங்களூருக்கே பழக்கிவிட்டார்கள். பாகில் ஊறிய கேக், மேலே ஜாம், அதன் மேல் தேங்காய்ப் பூ. அந்தப் பாகில்தான் நம் லாவெண்டர்.

ஒரு கப் புளிக்காத கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரையும் வரை அடித்துக் கொள்ளுங்கள். ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து ஐந்து நிமிடம் வைத்தால் நுரைத்து வரும். அரைக் கப் சூரியகாந்தி எண்ணெய், பிறகு சலித்த மைதா ஒன்றரைக் கப், சிறிது சிறிதாக. வெனிலா எசன்ஸ் வேண்டாம். ஓவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்புப் பரப்பி, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் காய வைத்து, தட்டின் மேல் பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

பாகுக்கு முக்கால் கப் தண்ணீரும் அரைக் கப் சர்க்கரையும். கம்பிப் பதம் தேவையில்லை. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, தலை தட்டிய ஒரு தேக்கரண்டிப் பூவைப் போட்டு மூடிவிடுங்கள். பத்தே நிமிடம். அதற்கு மேல் ஊறினால் கஷாயம்தான்! வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு மேசைக்கரண்டித் தேனும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் விடுங்கள். ஆறிய கேக்கை முள்கரண்டியால் குத்தி, பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்றி இரண்டு மணி நேரம் வையுங்கள். மேலே தடவ மிக்ஸ்ட் ஃப்ரூட் ஜாம் வேண்டாம், அது எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். ஆரஞ்சு மார்மலேட் நன்றாகச் சேரும்.

பாலில் இறக்குவதானால் அரை லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி, ஐந்து நிமிடம். கஸ்டர்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நன்று. நெய்யில் முந்திரி வறுத்துப் போடும் பாயசத்தில் இதை முயல்வது வீண். நெய் மணம் முன்னே நிற்க, லாவெண்டர் இருந்த இடம் தெரியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடிக்கையாளர்கள் லாவெண்டர் கேக் ஊதாவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பூவை ஊற வைத்தால் ஊதா வராது, மங்கலான பழுப்புதான். கடைக் கேக்கின் ஊதா பெரும்பாலும் சாயம். நம்மிடம் சங்குப்பூ இருக்கிறதே! நான்கைந்து நீலச் சங்குப்பூவை ஒரு கரண்டி வெந்நீரில் ஊற வைத்து, அந்த நீல நீரில் ஒவ்வொரு சொட்டாக எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். சாறு கூடினால் ரோஜா நிறமாகிவிடும், நிதானமாக விடுங்கள். கிரீமில் கலக்க இரண்டு தேக்கரண்டி போதும்.