அமெரிக்க நாட்டு ஆரம்பப் பாடசாலையும் கல்முனைக் கரையோரப் பாடசாலையும்

சிறுவன் ஒருவன் தாய்மனையின் வாயிலைக் கடந்து காலடி வைக்கும் முதற் பொதுவிடம் பாடசாலையே. ஆங்கு அவன் நாட்பொழுது கழியுமாற்றை ஆராயின், அவனை ஈன்ற சமுதாயம் அவனிடத்து எதனை எதிர்பார்க்கின்றது என்பது புலனாகும். இந்நோக்குடன் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆரம்பப் பாடசாலையையும், ஈழத்தின் கீழ்க்கரையிற் கல்முனையைச் சூழ்ந்த ஊர்களின் பாடசாலையையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

அமெரிக்காவிற் பொதுப் பாடசாலை இயக்கத்தை வளர்த்தவருள் தலைசிறந்தவர் ஹோரஸ் மான். அவர் 1837இல் மசச்சூசெற்ஸ் மாநிலக் கல்விச் சபையின் செயலாளரானார். செல்வர் மக்களும் வறியோர் மக்களும் ஒரே கூரையின்கீழ்க் கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1852இல் அம்மாநிலமே அந்நாட்டில் முதன்முதலாகக் கட்டாய வரவுச் சட்டத்தை இயற்றியது. எனினும், கறுப்பினச் சிறாரை வேறு பாடசாலையில் ஒதுக்கிவைத்தல் சட்டத்துக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1954ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்நாட்டுச் சிறுவன் ஐந்து வயதளவிற் கிண்டர்கார்ட்டன் எனப்படும் பாலர் வகுப்பிற் சேர்கின்றான். பின்னர் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புவரை ஆரம்பப் பாடசாலையிற் பயில்கின்றான். பெரும்பாலான பாடங்களை ஓர் ஆசிரியரே கற்பிப்பர். காலையில் மஞ்சள்நிறப் பேருந்து வீட்டருகே வந்து அவனை ஏற்றிச்செல்லும். நண்பகலிற் பாடசாலையிலேயே உணவு கிடைக்கும். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் வறிய சிறார்க்கு அது இலவசமாகவோ குறைந்த விலைக்கோ அளிக்கப்படுகின்றது. சிறுவன் தான் கண்ட பொருளொன்றை வகுப்பின் முன்னே காட்டி, அதைப்பற்றித் தானே பேசும் வழக்கமும் உண்டு. பொதுப் பாடசாலை மதச் சார்பற்றது. அங்கே அரசு வகுத்த வழிபாட்டை நடத்துதல் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என 1962இல் உயர் நீதிமன்றம் விதித்தது.

கல்முனைக் கரையோரத்துக் கல்வியின் வரலாறு வேறுபட்டது. திண்ணைப் பள்ளியில் ஏடு தொடக்கி மணலில் எழுதிய இந்துச் சிறாரும், குர்ஆன் பள்ளியில் ஓதிய முஸ்லிம் சிறாரும் அயலயலே வளர்ந்தனர். 1814இல் மட்டக்களப்பை அடைந்த மெதடிஸ்த மிஷனரிமார் ஆங்கிலக் கல்வியைப் பரப்பினர். 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், தாய்மொழியிலும் தமது சமயச் சூழலிலும் சிறார் கற்றற்கு உழைத்தார். 1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. உழவன் மகனும் மீனவன் மகளும் கட்டணமின்றிக் கற்கும் உரிமை அன்று உறுதியாயிற்று.

இன்று இலங்கைச் சிறுவன் ஐந்து வயது நிறைந்ததும் முதலாம் தரத்திற் சேர்கின்றான். ஐந்தாம் தரத்துடன் ஆரம்பக் கல்வி முடிவடைகின்றது. தாய்மொழி, கணிதம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்பவற்றோடு அவனவன் சமயமும் பாடமாகின்றது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்னும் மூன்று வழிகளாற் கற்பிக்கும் முறை 1999இல் நாடெங்கும் புகுத்தப்பட்டது. முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதத்தில் விடுமுறை பெறுகின்றன. ஒரே தமிழைப் பேசினும் இந்துச் சிறாரும் முஸ்லிம் சிறாரும் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளிலேயே பயில்கின்றனர். சமயவொழுக்கத்தை இம்முறை பேணுகின்றது. எனினும் இளமைத் தோழமையை அது குறைக்கின்றது என்பதும் மறுக்கற்பாலதன்று.

இரு நாட்டுக்கும் இடையிலுள்ள பெருவேறுபாடு பரீட்சையிற் காணப்படும். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு முதலாக ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் சோதனை நடைபெறுகின்றது. அது பெரும்பாலும் பாடசாலையின் தரத்தை அளத்தற்கு உரியது. இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையோ சிறுவனையே தெரிவு செய்கின்றது. நாட்டுப்புறத்து வறிய மாணாக்கரை மத்திய கல்லூரிகளுக்கு உயர்த்துதல் அதன் ஆதிநோக்கம். அதனால் உயர்ந்தோர் பலர். ஆயினும் பத்து வயதுப் பாலகன் மாலையில் விளையாடாது தனியார் வகுப்புக்குச் செல்லும் நிலை அதனாலேயே விளைந்தது. ஏணியாக அமைந்தது சுமையாகவும் மாறிற்று.

அமெரிக்க முறை குறையற்றதெனக் கொள்ளற்க. ஆங்குப் பாடசாலைகளின் வருவாயில் ஒரு பகுதி அவ்வப் பகுதியின் நிலவரியினின்றும் மனைவரியினின்றும் பெறப்படுதலின், செல்வர் வாழும் பகுதியின் பாடசாலை செழிக்க, வறியோர் பகுதியின் பாடசாலை தளர்கின்றது. இலங்கையில் அரசே செலவை ஏற்பினும், பாடசாலைக்குச் செல்லும் வழி எல்லார்க்கும் ஒன்றன்று. மாரிகாலத்திற் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவுங்கால், கல்முனைக்கும் சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கத்து வயலூர்களுக்கும் இடையிலான போக்குவரத்துத் தடைப்படுகின்றது. ஆசிரியர் வாராவிடின் பாடமும் இல்லை. 2024 நவம்பரிற் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச்செல்ல, அதிற் சென்ற மத்ரசா மாணவர் சிலர் உயிரிழந்தனர். இலவசக் கல்வி என்பது வகுப்பறையின் வாயிலில் மட்டும் தொடங்குவதன்று என்பதற்கு இத்துயரினும் வேறு சான்று வேண்டா.

ஆகவே, அமெரிக்கப் பாடசாலையினின்று கொள்ளத்தக்கவை அதன் கட்டடமும் கருவியும் அல்ல. பிள்ளை அச்சமின்றி வந்து சேர வழியமைத்தலும், பசியாற உணவளித்தலும், அவன் பேச்சைச் செவிமடுத்தலுமே கொள்ளத்தக்கவை. தாய்மொழிக் கல்வியும், கட்டணமில்லாக் கல்வியும், ஆசிரியரைப் போற்றும் பண்பும் கீழ்க்கரை மக்கள் முன்னரே பெற்ற செல்வங்கள். இவற்றோடு அவையும் இயைந்தால், சவளக்கடை வயலோரத்துச் சிறுவனும் எந்நாட்டுச் சிறுவனுக்கும் இளையாதவனாவான்.