நின்றுபோன காலடி

திகில் படத்தில் ஒலிக்கு இரண்டு வேலைகள் உண்டு. எதிர்பாராத வேளையில் உரக்க எழும் ஓசைக்கு உடல் காட்டும் திடுக்கிடல், மூளைத்தண்டின் வழியே, சிந்தனைக்கு இடமே தராமல், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிகழ்ந்துவிடும் அனிச்சைச் செயல் என்பதால், கதவைப் படாரென்று சாத்தியே எவரும் அதை உண்டாக்கிவிடலாம். அதற்கு முன்னால் நீளும் தவிப்போ, அடுத்து என்ன கேட்கப்போகிறது என்று மூளை ஓயாமல் கணித்துக்கொண்டிருப்பதால் விளைவது. மாணவர் குறும்படங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. இலவசமாகக் கிடைக்கும் தாழ்சுருதி ரீங்காரம் ஒன்றை முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஓடவிட்டால், மாறாத ஒலியைப் பொருட்படுத்தாமல் விடும் இயல்புடைய காது, மின்விசிறிச் சத்தத்தைப் போல அதையும் சற்று நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது.

செலவின்றித் தவிப்பை உண்டாக்குவதற்கு வால் லூட்டன் தயாரிப்பில் ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' (1942) இன்றும் நல்ல பாடம். இரவில் பூங்காவை ஒட்டிய நடைபாதையில் ஒருத்தி நடக்க, சிறுத்தையாக மாறக்கூடியவள் என்று சந்தேகிக்கப்படும் இன்னொருத்தி பின்தொடர்கிறாள். பின்னணி இசை கிடையாது; இருவரின் குதிகால் செருப்போசை மட்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடி நின்றுவிடுகிறது. அதுவரை ஓர் ஒழுங்கைப் பிடித்துவைத்திருந்த மூளை, வரவேண்டிய ஓசை வராததையே ஆபத்தின் அடையாளமாகக் கொள்கிறது. அடுத்து எழும் சீறல் சிறுத்தையுடையதுதான் என்று முடிவு கட்டும் கணத்தில் திரைக்குள் பாய்ந்து வந்து நிற்பது நகரப் பேருந்து. இந்த உத்திக்குத் திரைத்துறையில் 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்வந்தோர் பலர் பேருந்தை எடுத்துக்கொண்டு காலடியை விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

இசைக்கு வருவோமானால், 'சைக்கோ' (1960) படத்துக்குத் தந்தி வாத்தியங்களை மட்டுமே பயன்படுத்திய பெர்னார்ட் ஹெர்மன், இயக்குநர் ஹிட்ச்காக் இசையே வேண்டாமென்று எண்ணியிருந்த குளியலறைக் காட்சியில் வயலின்களை உச்சத்தில் கிறீச்சிட வைத்தார். நெருங்கிய சுரங்கள் மோதும்போது ஏன் உடல் கூசுகிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியும் ஏறத்தாழ 1060 ஹெர்ட்ஸ் ஒலியும், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் அளவே விலகியவை, ஒருசேர ஒலித்தால் அவற்றின் வலிமை நொடிக்கு 60 முறை ஏறி இறங்கும். இயற்பியலில் விம்மல் எனப்படும் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு வேகமாகும்போது காதுக்குச் சொரசொரப்பாகப் படுகிறது. மனித அலறலிலும் நொடிக்கு 30 முதல் 150 வரையிலான இத்தகைய ஏற்ற இறக்கங்களே மிகுந்திருப்பதாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மலிவான மென்பொருளில் இரண்டு வயலின் ஒலிகளை ஓர் அரைச்சுரம் தள்ளி வைத்தாலே அலறலின் சாயல் வந்துவிடும்.

ஆனால் சாயல் வந்தால் போதாது. அது எப்போது வரும் என்பதில் ஒரு நியதி வேண்டும். 'ஜாஸ்' (1975) படத்தில் ஜான் வில்லியம்ஸின் இருசுர இசை சுறா நெருங்கும்போது எழுவதால், சிறுவர்கள் அட்டைத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றும் இடத்தில் அது ஒலிப்பதில்லை. அந்த நியதி பார்வையாளருக்குள் ஊறிய பின், படகின் பின்புறம் போலீஸ் தலைவர் மீன்கழிவை அள்ளி வீசும்போது இசையே இல்லாமல் சுறா தலை நீட்டுகிறது.

மௌனத்தையும் இதே கவனத்துடன் கட்ட வேண்டும். ஒலித்தடத்தை அடியோடு வெட்டினால், அரங்கின் கருவி பழுதாகிவிட்டதோ என்றுதான் தோன்றும். எனவே ஒவ்வொரு படப்பிடிப்பிடத்திலும் அனைவரையும் அசையாமல் நிறுத்தி, ஓரிரு நிமிடம் வெற்றறையின் ஒலியைப் பதிவுசெய்துகொள்வது வழக்கம். 'ரூம் டோன்' எனப்படும் இதை அடியில் பரப்பி, அதன்மேல் தனித்தனித் தடங்களில் வைத்த குளிர்பெட்டியின் முனகல், தெருநாய், சுவர்க்கோழி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால், எது மறைந்தது என்று பார்வையாளர் உணராமலேயே செவி கூர்மையாகிவிடும்.